மீட்டர் பெட்டிகளின் உயரம்

தோணிமேட்டில் தோணி இல்லை,
மேடும் இல்லை.
பூந்தமல்லி போகும் சாலையை விட்டு இறங்கி
ஷேர் ஆட்டோ திரும்பிக்கொள்ளும் இடத்துக்கு அப்பால்
ஒன்பது தெருக்கள்
அடையாற்றில் போய் முட்டி நிற்கின்றன.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
ஒன்பதிலும் நடக்கிறேன்.
என் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது.
ஈ.பி. அக்கா வந்தால் நாய்கூடக் குரைக்காது.

மற்ற இடங்களில் மீட்டர்
கண்ணுக்கு நேராக இருக்கும்.
இங்கே முதல் தெருவில் மார்பளவு,
நான்காம் தெருவில் தலைக்கு மேலே,
ஏழைத் தாண்டினால்
ஸ்டூல் கேட்டு வாங்கித்தான் ஏறவேண்டும்.
அந்த டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்ததோ
அதற்கு ஒரு சாண், இரு சாண் மேலே
அவரவர் பயத்தின் அளவுக்கு
ஆணி அடித்திருக்கிறார்கள்.
ஆறு எப்படிப் போகிறது என்று பார்க்க
தாசில்தாரிடம் வரைபடம் கேட்க வேண்டாம்,
ஒரு காலை என்னோடு நடந்தால் போதும்.

எட்டாம் தெரு பிலவேந்திரன் வீட்டில்
பெட்டி கதவுநிலைக்கும் மேலே.
பக்கத்தில் ஒரு குளவிக்கூடு.
கலைச்சிடலாமே என்றேன்.
'அதுவும் லெவல் பாத்துதான் கட்டிருக்கு'
என்றார்.

அடுத்த வீடு ஹமீதா பானு.
பிரியாணி அண்டாக்களை வாடகைக்கு விடுகிறவள்.
அன்றிரவு மூன்று குழந்தைகளை
ஓர் அண்டாவில் உட்காரவைத்து
பள்ளிவாசல் மாடிப்படிவரை
கழுத்தளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனாள்.
மூன்றில் ஒன்றும் அவள் பிள்ளை இல்லை.
அந்த அண்டா இன்னும் வாடகைக்குப் போகிறது.
கல்யாணம், காதுகுத்து, கந்தூரி.
விளிம்பு நசுங்கியிருக்கிறதென்று
ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்கிறார்களாம்.
'ஒரு பைசா குறைக்க மாட்டேன்.'

ஆபீஸ் பீரோவில் பழைய பதிவேடு ஒன்று உண்டு,
ஓரமெல்லாம் கரையான்.
இணைப்பு எண் ஒன்று, செங்கல் சூளை பம்ப்செட்.
இரண்டு, துறையம்மன் கோயில், ஒரே விளக்கு.
பதினாறு, டூரிங் கொட்டகை,
சிவப்பு மசியில் 'துண்டிக்கப்பட்டது'.
நூறுக்குப் பிறகு எல்லாம் மனைகள்.
சூளைக்கு மண் தோண்டிய பள்ளத்தில்
லே-அவுட் போட்டவர் வைத்த பெயர்
ஹைட்ஸ் கார்டன்.
பள்ளத்துக்கு அது இன்னும் பழகவில்லை.

விமானம் தாழ்ந்து வரும்போது
யாரும் பேசுவதில்லை.
வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி,
சக்கரங்கள் கூரையைத் தாண்டியதும்
மிச்சத்தைச் சொல்வார்கள்.
சண்டைகள்கூட அப்படித்தான்.
மாடி அறையில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும்
ஒடிசாப் பையன்களும்
இதைத்தான் முதலில் கற்றார்கள்,
தமிழை அப்புறம்.

ஒன்பதாம் தெருவின் ஆற்றோர வரிசையில்
அறுபத்திரண்டு வீடுகள்.
லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள்.
என் போனில் அந்த எண்கள் மட்டும்
இன்னும் நீங்கவில்லை.
'கதவு பூட்டியுள்ளது', 'மீட்டர் பழுது' என்று
காரணங்கள் கேட்கிறது.
கதவே இல்லாததற்குக் காரணம்
அந்தப் பட்டியலில் இல்லை.
ஒவ்வொரு முறையும்
சுவர் இல்லாத இடத்தில் நின்று
பூஜ்யம் போடுகிறேன்.

நாகபூஷணம் மட்டும்
இரண்டு பஸ் மாறி
விடியுமுன் வந்துவிடுகிறாள்.
தன் வாசல் இருந்த அதே இடத்தில்
இட்லிக் கொப்பரை,
பின்னால் ஆகாயத்தாமரை மூடிய ஆறு.
'எங்க வூட்டு ரீடிங் எடுத்தியா?'
'எடுத்தேன்கா. ஜீரோ.'
'இல்லாத வூட்டுக்கு ஜீரோ வருமா?
ஜீரோ வருதுன்னா வூடு கீதுன்னுதான அர்த்தம்?'
நான் எதுவும் சொல்லவில்லை.
இலையில் இரண்டு இட்லி வைத்து நீட்டினாள்.
'நூறு வரைக்கும் ஃப்ரீதானே,
அதுவரைக்கும்...'

விமானம் வந்தது.
கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு
காத்திருந்தாள்.